வட்டத்துக்குள் இருந்தது அச்சுக்கு அல்ல

பத்திரிகையில் வரும் பிழைக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் காலை யாராவது அதன் மேல் பஜ்ஜியை வைத்து அழுத்துவார்கள். எண்ணெயோடு பிழையும் போய்விடும். இந்தத் தைரியத்தில்தான் உதவி ஆசிரியர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். துணியில் அச்சாகும் பிழை வேறு ஜாதி. என் பிழை ஒன்று பல வருடங்களாகத் துவைத்து, பிழிந்து, உதறிக் காயவைக்கப்பட்டு, இன்றும் திருப்பூர் நல்லூரில் ஒரு கொடியில் தொங்குகிறது. எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. அச்சடித்தவர் அவ்வளவு நேர்மையான மை போட்டிருந்தார்.

அது 2007. எனக்கு இருபத்தாறு வயது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு தமிழ் நாளிதழின் திருப்பூர் அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். என் பொறுப்பு மாவட்டப் பக்கம். குடிநீர்க் குழாய் உடைப்பு, கும்பாபிஷேகம், பயணி தவறவிட்ட பையைத் திருப்பிக் கொடுத்த கண்டக்டர் ஆகிய செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைப்பேன். வணிகப் பக்கம் கோவையில் தயாரானது. அதை நான் வாசகனாகக்கூடப் படித்ததில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் நான் ஒருவன்தான். மிக்சி வாரண்டி அட்டை முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வரை ஆங்கிலத்தில் எழுதிய எதுவும் என்னிடம் வரும். நானும் தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. (எங்கள் பெரியப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த 'அன்ரிமார்க்கபிள்' என்ற சொல்லுக்கு, 'சொல்லும்படியாக இல்லை' என்று துக்கமான குரலில் பொருள் சொன்னேன். அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குறிப்பிடும்படியான கோளாறு எதுவும் இல்லை என்பது அதன் பொருள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார்.)

என் அக்கா சாந்தாமணி நல்லூரில் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருந்தாள். வாடகைக் கட்டடம், இருபத்திரண்டு மெஷின். கட்டிங்கை மச்சான் பார்த்துக்கொண்டார், மற்றதெல்லாம் அக்கா. எட்டு வருடமாக ஜாப் ஒர்க். துணி ஒரு பெரிய கம்பெனியுடையது, லேபிள் வெளிநாட்டுக்காரருடையது, அட்டைப்பெட்டியின் மேல் அச்சாகும் பெயரும் அந்தப் பெரிய கம்பெனியுடையதே. தையல் மட்டும் அக்காவுடையது. ஒரு பெட்டியின் மேலாவது தன் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த வருடம் அதற்கு வழி பிறந்தது. டென்மார்க்கிலிருந்து சரக்கு வாங்க வந்த பயர் ஒருவர், அவள் தைத்த குழந்தைகள் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்ன ஆர்டர் ஒன்றை நேரடியாக அவளுக்கே தரச் சம்மதித்தார். நூல் வாங்க வங்கியில் லிமிட் வேண்டும். இத்தனை வரை கடன் எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கி போட்டுக் கொடுக்கும் வரம்பு அது. அதற்கான ஃபைல் மேனேஜர் மேசைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதத்துக்குள் லிமிட் வரவில்லை என்றால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் அக்காவிடம் ஒரு வேலை கொடுத்தார். சிறு ஏற்றுமதியாளர்களுக்கு வங்கி ஒரு விளக்கக் கூட்டம் நடத்துகிறது. சென்னையிலிருந்து மேலதிகாரி வருகிறார். வருபவர்களுக்குக் கொடுக்க இருநூறு வெள்ளைப் பனியன் வேண்டும். முன்பக்கம் வங்கியின் சின்னம். முதுகில், வங்கியில் புழங்கும் பத்து ஆங்கிலச் சொற்களும் அவற்றின் தமிழ்ப் பொருளும்.

அக்கா அன்று மத்தியானமே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"முன்னாடி சின்னத்த மேனேஜரே பாத்து ஓகே பண்ணிருவாருங்கறாங்க. முதுகுல வர்ற மேட்டருக்கு உன்ற பேரைச் சொல்லிப்போட்டேன். என்ற தம்பி பத்திரிகையில இருக்கறான், எம்.ஏ. இங்கிலீசு, அவன் பாத்துக்குவான்னு. பாத்துக்குவியல்ல?"

"பத்து வார்த்தைதானக்கா? ஒரு டீ குடிக்கற நேரம்."

"டீ குடிச்சுட்டே எழுதாதே. மேடம் மெட்ராஸ்ல இருந்து வர்றாங்க. இந்தப் பனியனைப் பாத்துத்தான் நம்ம வேலைய எடை போடுவாங்க. அப்புறம் அந்தப் பேப்பரு..."

"அதெல்லாம் ஆயிரும்க்கா, நீ கவலைய உடு" என்றேன். அந்தப் பேப்பர் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அது முக்கியமாகப் படவில்லை.

டீ குடித்துக்கொண்டேதான் எழுதினேன். நியூஸ்பிரின்ட் தாளில், இடதுபுறம் சொல், வலதுபுறம் பொருள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். (இப்போதும் உண்டு.) எழுத எழுத ஒரு விஷயம் புலப்பட்டது. இந்தப் பத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. பேங்க்காரர்கள் அவற்றை என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. மார்ஜின் என்றால் எங்கள் ஆபீசில் பக்கத்தின் ஓரத்தில் விடும் வெள்ளை இடம். கடைக்காரருக்கு அது லாபம். அக்காவின் யூனிட்டில், தைப்பதற்காகத் துணியின் ஓரத்தில் விட்டு வெட்டும் அரை அங்குலம். வங்கியில்?

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. பிரதியில் சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே குறிப்பு எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவோம். வட்டத்துக்குள் இருப்பது அச்சுக்கு அல்ல. அது நமக்குள் பேசிக்கொள்வது. டைப் செய்பவர் வட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார். பேருந்துக் கவிழ்ப்புச் செய்தியில் 'காயமடைந்தவர் 12' என்பதற்குப் பக்கத்தில் 'பஸ்ஸில் இருந்ததே 9 பேர், ஒழுங்காக எண்ணவும்' என்று வட்டத்துக்குள் எழுதிய கை இது. அதே பழக்கத்தில் இங்கேயும் எழுதினேன்.

மூன்றாவதாக, மார்ஜின் – லாபம். வட்டத்துக்குள்: 'லாபம்தானா? அக்காவைக் கேட்கவும்.'

மெச்சூரிட்டி – முதிர்ச்சி. வட்டத்துக்குள்: 'மேனேஜர் ஒரு விழாவில் பேசும்போது பத்து தடவை சொன்னார். அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.'

நெகோஷியேஷன் – பேரம். வட்டத்துக்குள்: 'பேங்க்கில் யார் பேரம் பேச விடுகிறார்கள்?'

ஆனர் – கௌரவம். வட்டத்துக்குள்: 'பில்லுக்கு என்ன கௌரவம்?'

அப்ரீசியேஷன் – பாராட்டு. வட்டத்துக்குள்: 'ரூபாயை யாரோ பாராட்டுகிறார்கள். எக்ஸ்போர்ட்டர்கள் ஏன் அழுகிறார்கள்?' (அந்த வருடம் டாலருக்கு எதிராக ரூபாயின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. வந்த டாலரை மாற்றினால் கைக்குக் கிடைக்கும் ரூபாய் குறைந்தது. ஊரே இந்த ஒரு சொல்லைச் சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தது. என் மாவட்டப் பக்கத்தில் கும்பாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது.)

கடைசியாக, லிமிட் – எல்லை. வட்டத்துக்குள்: 'அக்கா ஃபைல் இரண்டு மாதமாக மேனேஜர் மேசையில் தூங்குகிறது.'

கீழே, 'தொகுப்பு: கு. தங்கவேல், எம்.ஏ.' இதற்கு வட்டம் போடவில்லை.

பிரின்டிங் வேலையை அக்கா ஜெபராஜ் அண்ணனிடம் கொடுத்திருந்தாள். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பல வருடங்களுக்கு முன் திருப்பூருக்கு வந்து, பிரின்டிங் மேசையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவர். தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரின்டிங்காரர்கள் தமிழில் ஒற்றுப் பிழை விடுவார்கள் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம். அதனால் விறைப்பாகச் சொன்னேன்:

"அண்ணே, அப்படியே வரணும். ஒரு புள்ளி மாறக் கூடாது."

"மாறாது சார்" என்றார் அவர். "நீங்க குடுத்தத நாங்க ஏன் மாத்தப் போறோம்?"

இரண்டு நாள் கழித்து ஸ்ட்ரைக் ஆஃப் கொண்டுவந்தார். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு துண்டுத் துணியில் அடித்துக் காட்டும் மாதிரி அது. திருப்பூரில் இதில் கையெழுத்து வாங்காமல் ஒருவரும் அடுத்த பீஸைத் தொட மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் அதுதான் சட்டம். துணி கப்பல் ஏறும் வரை அந்தத் துண்டோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்போது ஒரு தேர்த் திருவிழாவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். துணி நான்காக மடிந்திருந்தது. மேலே தெரிந்த மடிப்பில் 'தொகுப்பு: கு. தங்கவேல், எம்.ஏ.' அதுவும் என் கையெழுத்திலேயே. டைப் செய்யாமல் கையெழுத்தையே ஃபிலிம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், நல்ல ரசனை என்று மகிழ்ந்தேன். கையெழுத்தையே எடுத்தால் கூடவே என்னென்ன வரும் என்று யோசிக்கவில்லை. 'எம்' என்பதற்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

"விரிச்சு முழுசா வாசிச்சிட்டுப் போடுங்க சார்" என்றார் ஜெபராஜ் அண்ணன்.

"வாசிக்கறதுதாண்ணே என் தொழில்" என்று சொல்லிவிட்டு, ஓகே என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை, அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். அக்கா ஏழாவது வரிசையில் பட்டுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். நான் முதல் வரிசையில், நோட்டுப் புத்தகத்தோடு. செய்தியும் நானே எழுதுவதாக ஏற்பாடு. பனியனோடு ஒரு படம் போட இடம் ஒதுக்கச் சொல்லி, செய்தி ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். மேடையில் சென்னை மேடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லோரையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர்.

திருப்பூரில் ஒரு கூட்டத்துக்குப் பனியன் பரிசு கொடுப்பது, பல் டாக்டர்கள் மாநாட்டில் வாய் விட்டுச் சிரிப்பது மாதிரி. ஒருவரும் போட்டுப் பார்க்க மாட்டார்கள். இருநூறு பேரும் கவரைப் பிரித்தார்கள். உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்த்தார்கள். கழுத்தைச் சுற்றித் தைத்த ரிப் பட்டையை இழுத்து விட்டார்கள். உள்ளங்கையில் வைத்துத் துணியின் கனத்தை ஊகித்தார்கள். இதெல்லாம் முடிய இரண்டு நிமிடம். எனக்குப் பின்னால் ஒருவர், "தையல் சுத்தமா இருக்குதுங்க, யாரு யூனிட்டு?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு எல்லோரும் முதுகுப் பக்கத்தைத் திருப்பினார்கள்.

முதலில் மண்டபம் அமைதியானது. இருநூறு பேர் ஒரே நேரத்தில் என் எழுத்தைப் படிக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடையில் மேனேஜர் பேச ஆரம்பித்திருந்தார்: "ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு முதல்ல தெரிஞ்சிருக்க வேண்டியது மெச்சூரிட்டி..."

ஐந்தாவது வரிசையில் ஒருவர் தும்மினாற்போல் சிரித்தார். மூன்றாவது வரிசை. ஒன்பதாவது. மேனேஜர் தண்ணீர் குடித்துவிட்டு, "மெச்சூரிட்டியைப் பத்தித் தெரியாததாலதான்..." என்றார். மண்டபமே குலுங்கியது.

என் பக்கத்திலிருந்த சோமனூர் விசைத்தறிக்காரர் பனியனை என் முகத்துக்கு நேரே விரித்தார். "ஏனுங்க, இந்த வட்டமெல்லாம் எதுக்குங்க?"

பார்த்தேன். பத்துச் சொல்லும் இருந்தன. பத்து வட்டமும் இருந்தன. ஒரு புள்ளி மாறவில்லை.

அந்தக் கணத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும். முதலில், மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று எண்ணினேன். மூன்று. மூன்றிலும் வங்கி ஊழியர்கள் பனியன் வந்த காலிப் பெட்டிகளோடு நின்றார்கள். இரண்டாவதாக, கடைசி வட்டம் நினைவுக்கு வந்தது. அக்காவின் ஃபைல். எட்டு வருட ஆசை. மேனேஜர் மேசையில் அது தூங்குகிறது என்று, அவருடைய மேலதிகாரி முன்னால், அவருடைய வங்கியின் செலவிலேயே இருநூறு முதுகில் எழுதியாகிவிட்டது. இனி எந்த மேனேஜர் அந்த ஃபைலை எழுப்புவார்?

மேடம் ஒரு பனியனைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைக் கீழே இறக்கி, பத்தையும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"மூணாவதுல 'அக்காவைக் கேட்கவும்'னு போட்டிருக்கு. யார் அந்த அக்கா? இங்க இருக்காங்களா?"

அக்கா எழுந்து நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானுங்க மேடம். எழுதுனது என்ற தம்பி. முன்னாடி, தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறான் பாருங்க."

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரி, கேக்கறேன். மார்ஜின்னா என்ன?"

அக்கா கையிலிருந்த பனியனை உள்பக்கமாகத் திருப்பினாள். பக்கவாட்டுத் தையலை விரலால் பிரித்து, உயர்த்திக் காட்டினாள்.

"இந்தா, தையலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் துணி விட்டிருக்குதுங்களே, இதையும் நாங்க மார்ஜின்னுதாஞ் சொல்றதுங்க. போட்டுட்டா வெளிய தெரியாது. ஆனா இது இல்லாம ஒட்ட வெட்டித் தச்சா, ரெண்டு தடவ இழுத்தாப் பிரிஞ்சுருமுங்க. பேங்க் மார்ஜினும் அப்படித்தானுங்க. சரக்கோட மதிப்பு முழுசுக்கும் நீங்க கடன் தர மாட்டீங்க. நாங்க எங்க கைக்காசு கொஞ்சம் உள்ள போட்டிருக்கோணும். அது வெளிய தெரியாது. அது இருந்தாத்தான் நீங்க தர்ற கடனும் பிரியாம நிக்குமுங்க. இவன் எழுதுன மாதிரி லாபம் இல்லீங்க."

மண்டபம் கை தட்டியது. முதலில் தட்டியது அந்தச் சோமனூர்க்காரர் என்று நினைக்கிறேன். எனக்கு அவமானமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக அக்கா வங்கிக்குப் போன ஒவ்வொரு தடவையும், கவுன்டரில் இருப்பவரிடம் ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எம்.ஏ. படித்த நான் 'அக்காவைக் கேட்கவும்' என்று எழுதிவிட்டுக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மேடம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. விரல் கடைசி வரிக்கு வந்திருந்தது. மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இந்த ஃபைல் ஏன் ரெண்டு மாசமாத் தூங்குது?"

மேனேஜர் எழுந்துவிட்டார். நல்ல மனிதர், காலர் நனைந்திருந்தது. "மேடம், அது... அண்டர் பிராசஸ்..."

"தூங்குலீங்க மேடம்" என்று அக்கா இடைமறித்தாள். உட்காரவே இல்லை அவள். "சார் மேல தப்பில்லீங்க. ஒரு பேப்பரு குறையுதுன்னு அவரு நாலு தடவ கேட்டுட்டாரு. நாந்தானுங்க குடுக்காம வெச்சிருக்கறேன். தம்பி வெவரந் தெரியாம எழுதிப்போட்டான்."

அந்தப் பேப்பர் என்ன என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அக்காவின் கட்டடத்து வாடகை ஒப்பந்தம் தமிழில் இருந்தது. சென்னை அலுவலகத்துக்காக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வங்கி கேட்டிருந்தது. மொழிபெயர்க்க அதை வாங்கியவன் நான். "ரெண்டே நாள்க்கா" என்று சொல்லி வாங்கினேன். இரண்டு மாதமாக அது என் மேசை இழுப்பறையில், ஒரு பழைய தீபாவளி மலருக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஃபைல் தூங்கிய இடம் என் மேசை. இருநூறு முதுகில் நான் எழுதிய புகார் என்னைப் பற்றியது. இது மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர், 'நாந்தானுங்க' என்று சொல்லிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு கூட்டம் மேனேஜர் கையிலும் இல்லை, மேடம் கையிலும் இல்லை. "ஏனுங்க சார், அஞ்சாவது வட்டத்துக்கு என்னங்க பதிலு?" என்று ஒருவர் எழுந்தார். மேனேஜர் தன் படக்காட்சியை மூடிவைத்துவிட்டு விளக்கினார். நெகோஷியேஷன் என்றால் இங்கே பேரம் இல்லை. வெளிநாட்டுப் பணம் வருவதற்கு முன்பே வங்கி நம் ஏற்றுமதி ஆவணங்களை எடுத்துக்கொண்டு நமக்குப் பணம் தருவது. "அப்ப கௌரவமுங்க?" பில்லைச் சொன்னபடி செலுத்திவிட்டால் அதை ஆனர் பண்ணியதாகச் சொல்வார்கள். "அந்த மெச்சூரிட்டி?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பில்லுக்குப் பணம் கட்ட வேண்டிய நாள். எனக்கு இருக்கா இல்லையான்னு கூட்டம் முடிஞ்சதும் தம்பிகிட்டத் தனியாப் பேசிக்கறேன்." அன்று அவர் வாங்கிய கைதட்டல் அதற்குத்தான். சாப்பாட்டு மணி வரை வட்டம் வட்டமாகக் கேள்விகள் வந்தன. வருடக்கணக்காக ஏற்றுமதி செய்பவர்கள், கேட்டால் கேவலம் என்று கேட்காமல் வைத்திருந்தவை எல்லாம் என் தலையில் போட்டுக் கேட்கப்பட்டன.

(மேனேஜர் என்னிடம் தனியாகப் பேசவும் செய்தார். அது அச்சுக்கு அல்ல.)

மண்டபத்திலிருந்து நேராக ஜெபராஜ் அண்ணன் பட்டறைக்குப் போனேன். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

"வட்டத்துக்குள்ள இருக்கறத அடிக்கக் கூடாதுண்ணே! பத்திரிகையில எல்லாருக்கும் தெரியும்!"

"சார், நாங்க ஜெர்மன்காரன் எழுத்த அடிக்கோம், பிரெஞ்சுக்காரன் எழுத்த அடிக்கோம். ஆர்ட்வொர்க்ல இருக்கத எடுக்கவும் மாட்டோம், சேக்கவும் மாட்டோம். வட்டமும் டிசைன்தான் எங்களுக்கு. ஒரு புள்ளி மாறக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய? மாறுச்சா?"

"தமிழ் படிக்கத் தெரியுமில்லண்ணே உங்களுக்கு?"

"வாசிச்சேன் சார். நல்லாத்தான் இருந்துச்சு. மேனேஜரப் பத்தி எழுதுனது மட்டும், இவருக்குத் தைரியம் ஜாஸ்தின்னு நெனச்சேன்." ஆணியில் தொங்கிய ஸ்ட்ரைக் ஆஃபை எடுத்து விரித்தார். ஓகே, தேதி, என் கையெழுத்து. "வாசிக்கறதுதாம் தொழில்னு வேற சொன்னிய."

அங்கிருந்து ஆபீசுக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் யூனிட்டுக்குப் போனேன். செக்கிங் மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். சந்தேகம் வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் அக்காவைக் கேட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எதிரே நின்று பீஸ் எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ செக்கிங்ல பாத்திருப்பியல்ல? அப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"

"பாத்தேன். ஓகே போட்டிருந்தே. ஓகே போட்ட சாம்பிள நாங்க கேள்வி கேக்கறதில்ல."

கையிலிருந்த கட்டை எண்ணி முடித்தாள். பிறகு, தலை நிமிராமல் சொன்னாள்:

"அதுமில்லாம, 'அக்காவைக் கேட்கவும்'னு போட்டிருந்தியல்ல. வேணும்னுதாம் போட்டிருக்கறான்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்துது."

திங்கட்கிழமை மொழிபெயர்ப்பு ஃபைலில் சேர்ந்தது. மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது லிமிட் வந்தது. மார்ஜின் அக்கா எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். "நல்லா விளக்கிச் சொல்லிட்டனாட்ட இருக்குது" என்றாள். டென்மார்க்குக்கு முதல் பெட்டிகள் கிளம்பிய அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். பழுப்பு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில், கறுப்பு மையில், அக்காவின் கம்பெனிப் பெயர். எழுத்தெழுத்தாக மூன்று தடவை படித்தேன். பிழை இல்லை. என் பெயர் அதில் எங்கும் இல்லை. அப்படியும் அதைவிட அழகான அச்சு எதையும் என் தொழிலில் இதுவரை பார்த்ததாக நினைவில்லை.

இருநூறு கேட்டால் இருநூற்றுப் பத்து வெட்டுவது திருப்பூர் வழக்கம். மிஞ்சிய பத்தும் குடும்பத்துக்கு வந்தன. நல்ல துணி, சாவதாக இல்லை. மச்சான் வீட்டில் இருக்கும்போது அதைத்தான் போடுவார். அவரிடம் யாராவது முடிவு கேட்டு வந்தால் பதில் சொல்லாமல் திரும்பி நின்று முதுகைக் காட்டுவார். மூன்றாவது வரி: 'அக்காவைக் கேட்கவும்.' பெண் பார்ப்பதோ, பைக் வாங்குவதோ, ரசத்துக்கு உப்பு போதுமா என்பதோ, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இன்றுவரை பதில் 'வட்டத்தைப் பார்' என்பதுதான். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் வங்கிக் கடிதம் வந்தால் பல வருடம் அக்காவுக்குத்தான் போன் செய்தார்கள். எனக்கு ஒருவரும் செய்ததில்லை. அக்காவின் இப்போதைய ஆபீசில், ஓகே ஆன சாம்பிள்களைத் தொங்கவிடும் பலகையில், ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவே, நான் கையெழுத்திட்ட அந்தத் துண்டும் தொங்குகிறது.

போன வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழின் புரூஃப் பார்க்க என்னிடம் வந்தது. இத்தனை வருட அனுபவத்தில் நான் இப்போது எதையும் முழுதாக விரித்து வைத்துத்தான் படிப்பேன். விரித்தேன். தாய்மாமன் வரிசையைத் தேடி, 'கு. தங்கவேல், எம்.ஏ.' என்பதைக் கண்டுபிடித்தேன். அதற்கு நேர் எதிரே ஓரத்தில், அக்காவின் கையெழுத்தில், வட்டத்துக்குள் ஒரு குறிப்பு இருந்தது:

'உன்ற பேரை மட்டும் பாத்துப்போட்டு ஓகே போடாதே.'

என் பெயரை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன். எல்லாப் புள்ளியும் சரியாகத்தான் இருந்தன.